கவசமணிந்த கிருமியும் கவசமற்ற சிசுவும்

நேற்றுவரை தவழ்ந்து விளையாடி, அருகில் வந்தவர் முகத்தையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எட்டு மாதக் குழந்தைக்கு மாலையில் உடம்பு சுடுகிறது, இரவெல்லாம் சிணுங்குகிறது, விடிவதற்குள் தாய்ப்பாலை மறுத்து, குடித்ததை வாந்தியெடுத்து, தூக்கினால் அழுகையும் கிடத்தினால் மயக்கமுமாகச் சோர்ந்துவிடுகிறது, உச்சிக்குழி புடைத்து, கழுத்தும் முதுகும் விறைத்து, கைகால்கள் வலிப்பில் இழுக்கத் தொடங்கும்போதுதான் இது சாதாரண ஜுரமன்று என்பது வீட்டாருக்குப் புலப்படுகிறது. நம்மவர் பொதுவாக மூளைக்காய்ச்சல் என்று அழைக்கும் வியாதிகளுள், மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுகளைப் பாக்டீரியாக் கிருமிகள் பற்றிக்கொள்வதால் உண்டாகும் இந்த வகை, ஓரிரு நாட்களுக்குள் உயிரைக் கவர்ந்துவிட வல்லது. உயிர் பிழைத்தாலும் செவிப்புலனையோ, அறிவு வளர்ச்சியையோ, கைகால்களின் இயக்கத்தையோ பறித்துக்கொண்டு போவது. இதனை விளைக்கும் கிருமிகளில் முக்கியமானவை மூன்று. மெனிஞ்சோகாக்கஸ், நியூமோகாக்கஸ் என்பன இரண்டு. மூன்றாவது, ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா என்னும் கிருமியின் ‘பி’ வகை, சுருக்கமாக ‘ஹிப்’. தடுப்பு மருந்து தோன்றுவதற்கு முன்னர் உலகின் பல பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை மிகுதியாகத் தாக்கியது இந்த மூன்றாவதுதான். அதனை மனிதன் வென்ற வரலாற்றையும், அந்த வெற்றியின் பயன் ஏழைக் குழந்தைகளுக்கு வந்து சேர நேர்ந்த தாமதத்தையும் இங்கே விரித்துரைக்க விரும்புகிறேன்.

1892ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ரிச்சர்டு ஃபைஃபர் என்னும் விஞ்ஞானி, இன்ஃபுளுவென்சா ஜுரத்தால் பீடிக்கப்பட்டவர்களின் சளியில் இக்கிருமியைக் கண்டு, அதுவே அந்த ஜுரத்தின் காரணம் என்று முடிவு செய்தார். 1933இல் இன்ஃபுளுவென்சாவின் உண்மைக் காரணமான வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டபோது அந்த முடிவு வழுவாயிற்று. எனினும் அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மார்கரெட் பிட்மன் என்னும் இளம் பெண்மணி, இக்கிருமியின் இயல்பைப் பற்றிய மூலாதாரமான உண்மையை வெளியிட்டிருந்தார். இக்கிருமியில் சில மேலுறை அணிந்தவை, சில அணியாதவை. உறையணிந்தவற்றை ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஆறு வகைகளாகப் பிரிக்கலாம். குழந்தைகளின் தண்டுவட நீரில் காணப்படுபவை அநேகமாக எல்லாமே ‘பி’ வகையைச் சேர்ந்தவை என்பன அவர் கண்டவை. தொண்டையில் தீங்கின்றிக் குடியிருக்கும் கிருமிக் கூட்டத்துக்கும், சவ்வுகளில் பாய்ந்து உயிரைக் குடிக்கும் கிருமிக்கும் உள்ள பேதம் அந்த மேலுறையில் இருக்கிறது என்னும் அறிவு, பின்னால் வந்த அனைத்துக்கும் அடித்தளமாயிற்று.

அந்த மேலுறை வெறும் சர்க்கரைப் பொருளால் ஆனது. ரைபோஸ், ரைபிட்டால், பாஸ்பேட் ஆகிய மூன்றும் சங்கிலியாக மீண்டும் மீண்டும் தொடுக்கப்பட்டு, கிருமியின் உடலைச் சுற்றிலும் வழுவழுப்பாகப் படிந்திருக்கின்றன. இரத்தத்தில் திரிந்து கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களால் இந்த வழுவழுப்பைப் பற்றிப் பிடிக்க இயலுவதில்லை. அந்தச் சர்க்கரையை அடையாளங்கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதங்கள் இரத்தத்தில் முன்னரே இருந்தால் மட்டுமே வெள்ளணுக்களுக்குப் பிடி கிடைக்கிறது. பாஸ்டன் நகரில் ஃபாதர்கில், ரைட் என்னும் இருவர் பல வயதினரின் இரத்தத்தையும் எடுத்து, அது இக்கிருமியைக் கொல்லும் ஆற்றலை ஒப்பிட்டு நோக்கி, 1933இல் வெளியிட்ட முடிவு மிகவும் தெளிவானது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே பெற்ற எதிர்ப்புரதங்கள் உள்ளன. அவை இரண்டு மூன்று மாதங்களில் தேய்ந்து மறைகின்றன. மூன்று வயதுக்கு மேல் குழந்தையின் சொந்த இரத்தமே அந்த ஆற்றலைப் பெறத் தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே வியாதி உச்சத்தில் நிற்கும் காலம். தாய் தந்த காப்பு நீங்கி, தன் காப்பு இன்னும் அமையாத அந்த வெற்றிடத்தில்தான் கிருமி நுழைகிறது. ஹிப் பற்றிய அறுபதாண்டு ஆராய்ச்சி முழுவதும் இந்த இடைவெளியை அடைப்பதற்கான முயற்சியே என்று சொல்லிவிடலாம்.

முதல் முயற்சி, பிறர் இரத்தத்தின் ஆற்றலைக் கடன் வாங்குவதாக இருந்தது. நியூயார்க்கில் குழந்தைகள் மருத்துவமனையொன்றில் பணிபுரிந்த ஹாட்டி அலெக்சாண்டர், முயல்களுக்குக் கிருமியைச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் விளைந்த சீரத்தை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்து, 1939இல் சிலரைப் பிழைக்க வைத்தார். அதுவரை இவ்வியாதி கண்ட சிசு பிழைப்பது அநேகமாக இல்லையென்றே இருந்தது. சீரமும் சல்பா மருந்துகளும் சேர்ந்து அந்த நிலையை அடியோடு மாற்றிவிட்டன. (இதே அம்மையார் தம் சோதனைச்சாலையில் பேணிய ஹீமோஃபிலஸ் இனத்திலிருந்து வந்த கிருமிக்குத்தான், சுதந்திரமாக வாழும் உயிர்கள் எல்லாவற்றுக்கும் முன்பாக, 1995இல் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது, ஒரு குழந்தை மருத்துவரின் கருணையிலிருந்து கிளைத்த ஆராய்ச்சி எத்தனை தூரம் சென்றிருக்கிறது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.) பின்னர் குளோராம்ஃபெனிகாலும் ஆம்பிசிலினும் வந்தன. வைத்திய வசதி மிக்க நாடுகளில் மரண விகிதம் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு என்ற அளவுக்குத் தாழ்ந்தது. ஆனால் அந்தத் தாழ்ச்சி ஓர் எல்லையில் வந்து நின்றுவிட்டது. பிழைத்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குச் செவிட்டுத்தன்மையோ, வலிப்போ, மந்த புத்தியோ, வேறு நிரந்தரக் குறைபாடோ தங்கிற்று. ஏனெனில் குழந்தை மருத்துவமனை வாசலை அடையும் வேளைக்குள்ளேயே சேதம் நேர்ந்துவிடுகிறது. 1974இல் ஆம்பிசிலினுக்கு அடங்காத ஹிப் கிருமிகள் தலைகாட்டியபோது, சிகிச்சையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது உறுதியாயிற்று. அமெரிக்காவில் மட்டும் அந்நாட்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20,000 குழந்தைகளை இக்கிருமி கடுமையாகத் தாக்கிற்று. சுமார் ஆயிரம் குழந்தைகள் மாண்டன. ஐந்து வயது நிரம்புவதற்குள் 200 குழந்தைகளுக்கு ஒன்று வீதம் இதன் தாக்குதலுக்கு உள்ளாயிற்று.

தடுப்பு மருந்து காணும் முயற்சியில் இரண்டு குழுவினர் தனித்தனியே இறங்கினார்கள். ஜான் ராபின்ஸும், ஜெருசலேமில் மருத்துவம் பயின்று அமெரிக்கா வந்த ரேச்சல் ஷ்னீர்சனும் ஒரு புறம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் டேவிட் ஸ்மித்தும் போர்ட்டர் ஆண்டர்சனும் மறு புறம். இரு சாராரும் ஒரே தர்க்கத்தைப் பின்பற்றினர்: கிருமியின் கவசமே அதன் பலம், அக்கவசத்தை அடையாளங்காணும் எதிர்ப்புரதமே மனிதனின் பலம், ஆகவே கவசச் சர்க்கரையைத் தனியே பிரித்துச் சுத்திகரித்து ஊசி வழியே செலுத்தினால், நோயின்றியே எதிர்ப்புரதம் விளையும். இந்தத் தர்க்கத்துக்கு வயது வந்தவர்களிடம் நிரூபணம் கிட்டியது. குழந்தைகளிடம் அதனைச் சோதிக்கும் வாய்ப்பு, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

1974ஆம் ஆண்டு ஃபின்லாந்தில் மெனிஞ்சோகாக்கஸ் ‘ஏ’ வகை கொள்ளைநோயாகப் பரவிற்று. அதற்கான தடுப்பு மருந்தை நாட்டின் குழந்தைகளுக்குப் போட வேண்டிய அவசியம் நேர்ந்தபோது, ஹெலேனா மேக்கெலா, ஹெய்க்கி பெல்டோலா முதலிய ஆராய்ச்சியாளர்கள் ஓர் அரிய உபாயம் செய்தார்கள். மூன்று மாதம் முதல் ஐந்து வயது வரையிலான ஏறத்தாழ ஒரு லட்சம் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மெனிஞ்சோகாக்கஸ் மருந்தையும், மறு பாதிக்கு ஹிப் சர்க்கரை மருந்தையும் கொடுத்து, இரு சாராரையும் ஆண்டுக் கணக்கில் கண்காணித்தனர். ஒவ்வொரு சாராரும் மற்றதற்கு ஒப்பீடாக அமைந்தனர். எந்தக் குழந்தைக்கும் பயனற்ற வெறும் நீரைச் செலுத்தாமலேயே உண்மையைக் கண்டறிந்த இந்தப் பரிசோதனையின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். அறிவைத் தேடும் வேகத்தில் சோதனைக்குட்படும் சிசுவின் நலனை மறக்காதிருப்பது விஞ்ஞானத்தின் முதற்கடமை. கிடைத்த முடிவோ, மகிழ்ச்சியும் வேதனையும் கலந்தது. பதினெட்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளில் மருந்து 90 விழுக்காடு காத்தது. அதற்குக் கீழ்ப்பட்டோரிடம் அது எந்தப் பயனும் தரவில்லை.

வியாதியோ பதினெட்டு மாதத்துக்குக் கீழ்ப்பட்டவர்களையே பெரிதும் கொள்ளை கொள்வது. காப்பு மிகவும் தேவைப்படும் வயதில் மட்டும் வேலை செய்யாத காப்பு மருந்து, 1985இல் அமெரிக்காவில் இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளுக்கென அனுமதி பெற்றது. அதன் பலனும் இடத்துக்கிடம் வேறுபட்டு, மருத்துவர்களிடையே ஐயத்தை எழுப்பிற்று.

சிசுவின் உடல் இந்தச் சர்க்கரையைப் பொருட்படுத்தாததற்குக் காரணம் நோய்த்தடுப்பு மண்டலத்தின் அமைப்பில் இருக்கிறது. எதிர்ப்புரதத்தை உற்பத்தி செய்பவை ‘பி’ அணுக்கள். அவற்றுக்கு ஊக்கமளித்து, உற்பத்தியைப் பெருக்கி, நினைவையும் நிலைநிறுத்துபவை ‘டி’ அணுக்கள். ‘டி’ அணுக்கள் புரதத் துணுக்குகளை மட்டுமே அறிய வல்லவை. சர்க்கரைச் சங்கிலியை அவை காண்பதில்லை. பெரியவர்களின் ‘பி’ அணுக்கள் ‘டி’ அணுவின் துணையின்றியே சர்க்கரைக்கு ஓரளவு எதிர்வினை காட்டும் பக்குவம் பெற்றவை. சிசுவின் ‘பி’ அணுக்களுக்கு அந்தப் பக்குவம் இரண்டாம் ஆண்டின் பிற்பகுதிக்கு மேல்தான் வருகிறது. அதனால்தான் எத்தனை முறை ஊசி போட்டாலும் அவற்றிடம் பெருக்கமும் இல்லை, நினைவும் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு விடை ஏற்கெனவே எழுதப்பட்டு, நூலகத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. 1929இல், பிட்மன் பணியாற்றிய அதே ராக்பெல்லர் நிலையத்தில், ஆஸ்வால்டு ஏவரியும் வால்டர் கோபெலும் ஒரு சோதனை செய்திருந்தனர். தனியே செலுத்தினால் முயலிடம் எந்த எதிர்ப்புரதத்தையும் எழுப்பாத சர்க்கரையை, ஒரு புரதத்தோடு இரசாயனப் பிணைப்பால் இணைத்துச் செலுத்தினால், அதே முயல் அதே சர்க்கரைக்கு எதிர்ப்புரதம் உண்டாக்குகிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். பின்னாளில் மரபுப் பொருள் டி.என்.ஏ. என்று நிறுவிய அதே ஏவரி இவர். ஆயினும் சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்து, கிருமி வியாதிகளின் யுகமே முடிந்துவிட்டதென்ற நம்பிக்கை பரவிய பின்னர், சர்க்கரைக் கவசங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் வெகு சிலருக்கே அக்கறை இருந்தது. அரை நூற்றாண்டு கழிந்தது. அந்த அரை நூற்றாண்டில் இவ்வியாதியால் மாண்ட குழந்தைகளை எண்ணிப் பார்ப்பவர், அச்சிட்டு வெளிவந்த உண்மை ஒன்று பயன்படாமல் கிடப்பதன் விலை இன்னதென்று உணர்வார்.

1980இல் ஷ்னீர்சனும் ராபின்ஸும் அவர்தம் தோழர்களும் ஹிப் சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்த மருந்தைத் தயாரித்து, அது விலங்குகளிடம் நல்ல எதிர்ப்பை விளைப்பதை வெளியிட்டார்கள். 1983இல் ஆண்டர்சன், சர்க்கரைச் சங்கிலியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, டிஃப்தீரியா விஷத்தின் நச்சு நீங்கிய ஒரு மாற்றுருவத்தோடு இணைத்துக் காட்டினார். இதன் செயல் இப்படி: சர்க்கரையை அடையாளங்கண்ட ‘பி’ அணு, அதனோடு ஒட்டியிருக்கும் புரதத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது, புரதத்தைத் துணுக்குகளாக வெட்டித் தன் மேற்பரப்பில் காட்டுகிறது, அந்தத் துணுக்கை அறிந்த ‘டி’ அணு வந்து, சர்க்கரைக்கான ‘பி’ அணுவுக்கு ஊக்கமளிக்கிறது. நம் பாட்டிமார் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துச் சிசுவின் நாவில் தடவுவார்கள். இங்கே இனிப்பையே ஏற்க மறுக்கும் உடலுக்கு, அது ஏற்கும் புரதத்தில் சர்க்கரையைக் குழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதச் சிசுவின் உடலும் இதனை ஏற்றது, அடுத்தடுத்த ஊசியில் எதிர்ப்புரதம் பன்மடங்காயிற்று, நினைவும் நிலைத்தது.

ஆனால் புரதம் எதுவாயிருந்தாலும் போதும் என்று எண்ணியவர்களுக்கு அலாஸ்கா ஒரு பாடம் கற்பித்தது. டாக்சாய்டு எனப்படும் நச்சு நீக்கிய சாதாரண டிஃப்தீரியா விஷத்தோடு இணைத்த மருந்து ஃபின்லாந்துச் சிசுக்களை 94 விழுக்காடு காத்தது. அதே மருந்து அலாஸ்காவின் பூர்வகுடிச் சிசுக்களிடம் 35 விழுக்காடே காத்தது. அங்கே நெருக்கமான குடில்களில் கிருமி சீக்கிரமாகவே வந்து தாக்குகிறது. மூன்று ஊசி முடியும்வரை அது காத்திருப்பதில்லை. தென்மேற்கு அமெரிக்காவின் நவாஹோ மக்களிடமும் அதே நிலைதான். புதுச்சேரியில் மருத்துவம் பயின்று அமெரிக்கா சென்ற மதுரம் சந்தோஷம், அந்த நவாஹோ மக்களிடையே பணியாற்றி, மெனிஞ்சோகாக்கஸின் புறச்சவ்வுப் புரதத்தோடு இணைத்த மருந்து முதல் ஊசியிலேயே போதிய எதிர்ப்பை எழுப்புவதையும், 90 விழுக்காட்டுக்கு மேல் காப்பதையும் 1991இல் நிறுவினார். நம் மண்ணில் கல்வி கற்ற ஒருவர், வறுமையில் வாடிய ஒரு பூர்வகுடியினரின் குழந்தைகளுக்காக உழைத்து ஈட்டிய இந்த அறிவு நாம் போற்றத்தக்கது. 1990இன் இறுதியில் இருவகை இணைப்பு மருந்துகள் சிசுக்களுக்கென அனுமதி பெற்றன.

விளைவு, அதைக் கண்டவர்களையே திகைக்க வைத்தது. அமெரிக்காவில் சிறு குழந்தைகளின் ஹிப் வியாதி சில ஆண்டுகளுக்குள் 99 விழுக்காடு மறைந்தது. சிசுக்களுக்கு ஊசி போடத் தொடங்குமுன்பே, மூத்த குழந்தைகளுக்கு மட்டும் போடப்பட்டுவந்த காலத்திலேயே, சிசுக்களிடமும் நோய் குறையத் தொடங்கியிருந்தது. ஊசி பெற்ற குழந்தையின் தொண்டையில் கிருமி குடியேறுவதே தடைப்பட்டமையால், அக்குழந்தை வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்கு அதனைக் கொடுக்கவில்லை. இணைப்பு மருந்தின் இந்தப் பொதுநலக் குணத்தை முன்கூட்டி எதிர்பார்த்தவர் மிகச் சிலரே. ராபின்ஸ், ஷ்னீர்சன், ஸ்மித், ஆண்டர்சன் ஆகிய நால்வரும் 1996இல் லாஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனிச் சொல்லவேண்டியது கதையின் மறுபாதி. செல்வ நாடுகளில் 1990களின் தொடக்கத்திலேயே வழக்கத்துக்கு வந்துவிட்ட மருந்து, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பான்மைக் குழந்தைகளுக்குக் கிட்ட இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆயின. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 42,848 சிசுக்களைக் கொண்டு நடந்த பரிசோதனை, மருந்து 95 விழுக்காடு காப்பதை 1997இல் வெளிப்படுத்தியது. எக்ஸ்-ரேயில் தெரியும் நிமோனியாவிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆதலால் ஏழை நாட்டில் இது பயன்படுமா என்ற வினாவுக்கு இடமில்லை. தடையாக நின்றவை விலையும் ஓர் ஐயமுமே. ஆசியாவில் ஹிப் வியாதி அபூர்வம் என்று பலர் வாதித்தனர். ஏனெனில் ஆசிய மருத்துவமனைகளின் சோதனைச்சாலைகளில் அக்கிருமி அரிதாகவே வளர்ந்தது. ஆனால் இது சூடாக்கிய இரத்தம் கலந்த விசேஷ ஊடகத்தில்தான் வளரும் இயல்புடையது. குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுவருமுன்பே எங்கோ ஒரு மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால், தண்டுவட நீரில் அது வளரவே வளராது. காணாமை இல்லாமையாகிவிடாது. இந்தோனேசியாவின் லோம்போக் தீவில் நடந்த பெரும் பரிசோதனையில், தடுப்பு மருந்தால் தவிர்க்கப்பட்ட மூளைச் சவ்வு அழற்சிகள், சோதனைச்சாலையில் உறுதிசெய்யப்பட்டவற்றைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருந்தன. நம் நாட்டிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் பங்குகொண்ட பல மருத்துவமனைகளின் கூட்டு ஆய்வு, ஊடகத்தைச் செவ்வனே தயாரித்துத் தேடினால் இந்தியக் குழந்தைகளிடமும் ஹிப் இருப்பதை 1990களிலேயே காட்டியிருந்தது.

2006இல் உலக சுகாதார ஸ்தாபனம் இம்மருந்தை எல்லா நாடுகளின் வழக்கமான அட்டவணையிலும் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. இலங்கை 2008இல் ஏற்றது. ஊசிக்குப் பின் நேர்ந்த சில மரணங்களால் 2009இல் நிறுத்தி வைத்து, விசாரணைக்குப் பின் 2010இல் மீண்டும் தொடங்கியது. அச்சம் எழுந்தபோது அதை மறைக்காமல் ஆராய்ந்து, ஆராய்ந்தபின் தயங்காமல் தொடர்ந்த அந்த முறையே சரியான முறை என்பது என் துணிபு. இந்தியாவில் விவாதம் நீதிமன்றம் வரை சென்றது. கடைசியில் 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் முதல் மாநிலங்களாக இதனைத் தொடங்கின. டிஃப்தீரியா, கக்குவான், டெட்டனஸ், ஹெப்படைட்டிஸ்-பி ஆகியவற்றோடு ஹிப்பையும் சேர்த்த ஐந்து மருந்துக் கலவை அது. இந்திய உற்பத்தியாளர்கள் இக்கலவையைப் பேரளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, யூனிசெப் கொள்முதல் விலை 2016இல் ஓர் ஊசிக்கு ஒரு டாலருக்கும் கீழே இறங்கிற்று.

விலையைத் தாழ்த்தும் முயற்சியில் கியூபா எடுத்த வழி தனிச்சிறப்பானது. ஹவானா பல்கலைக்கழகத்தில் விசென்டே வெரெஸ் பென்கோமோவும் அவருடைய குழுவினரும், கிருமியையே வளர்க்காமல், அதன் கவசச் சர்க்கரையைச் சோதனைச்சாலையில் இரசாயன முறையால் கட்டியெழுப்பி, புரதத்தோடு பிணைத்தார்கள். மனிதருக்குப் பயன்பட்ட முதற் செயற்கைச் சர்க்கரைத் தடுப்பு மருந்து அதுவே. 2004இல் அதன் விவரம் வெளியாயிற்று. பொருளாதாரத் தடையால் வெளிநாட்டு மருந்தை எளிதில் வாங்க இயலாத ஒரு சிறு நாடு, வாங்க முடியாததைத் தானே படைத்துக்கொண்டது.

இணைப்பு முறை ஹிப்போடு நின்றுவிடவில்லை. நியூமோகாக்கஸின் பல வகைகளுக்கும் அதே முறையில் மருந்துகள் வந்தன. ஆப்பிரிக்காவின் குறுக்கே நீண்ட மெனிஞ்சோகாக்கஸ் வட்டாரத்துக்கென்றே, ‘ஏ’ வகைக்கான இணைப்பு மருந்து புனே நகரில் ஓர் ஊசி ஐம்பது சென்டுக்கும் குறைவான விலையில் தயாரிக்கப்பட்டு, 2010 டிசம்பரில் புர்க்கினா ஃபாஸோவில் தொடங்கி, கோடிக்கணக்கானவர்களுக்குப் போடப்பட்டது. கொள்ளைநோயாய் வந்த அந்த வகை அங்கே அநேகமாக ஒழிந்தது.

நம் நாட்டில் ஹிப் சேர்ந்த ஐந்து மருந்துக் கலவை ஊசிகள் பிறந்த ஆறாம் வாரத்திலும், பத்தாம் வாரத்திலும், பதினான்காம் வாரத்திலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் போடப்படுகின்றன. தாயின் எதிர்ப்புரதங்கள் தேயும் காலமும் அதுவேயாதலால், சளி பிடித்திருக்கிறது, ஊருக்குப் போகவேண்டியிருக்கிறது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் ஒவ்வொரு வாரமும் கிருமிக்குத் திறந்துவிட்ட வாசலாகும். சாதாரணச் சளியும் இலேசான ஜுரமும் ஊசியை ஒத்திப்போடக் காரணமாகா. வீட்டில் சிசு உள்ளவர்கள் அதன் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்து, இந்த மூன்று நாட்களும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்து, ஒன்று விடுபட்டிருப்பினும் அருகிலுள்ள செவிலியரிடம் உடனே குழந்தையைக் கொண்டுசெல்லுமாறு வேண்டிக்கொள்கிறேன்.